வாசகர் கேள்வி – பதில்: அரசு மேடையில் யாருடைய பிரார்த்தனை?

அமெரிக்க அதிபரின் பதவியேற்பு விழாவைத் தொலைக்காட்சியில் பார்த்த வாசகர்கள் பலர், அங்கே நடைபெற்ற பிரார்த்தனைகளைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், இந்த இதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி (திருநெல்வேலி வாசகர்): மதத்தையும் அரசையும் பிரித்து வைத்த நாடு என்று அமெரிக்காவைச் சொல்கிறார்கள். ஆனால் அந்நாட்டு அதிபர் பைபிளைச் சாட்சியாக வைத்து உறுதிமொழி ஏற்கிறார். கர்தினாலும் போதகரும் மேடையேறி ஜெபிக்கிறார்கள். இவையெல்லாம் அரசியலமைப்புச் சட்டம் சொல்கிறபடி நடப்பவையா?

பதில்: அரசியலமைப்புச் சட்டத்தில் இருப்பது, ஆங்கிலத்தில் 35 சொற்களாலான ஓர் உறுதிமொழி மட்டுமே. அதில் கடவுளின் பெயர் வரவில்லை. பைபிளைப் பற்றிய குறிப்பும் இல்லை. ஆணையிட விருப்பமில்லாதவர் ‘உறுதி கூறுகிறேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என அந்த வாசகமே இடம் கொடுக்கிறது. 1853-இல் பிராங்க்ளின் பியர்ஸ் அப்படித்தான் உறுதி கூறினார். அதற்கும் முன்பு, 1825-இல் ஜான் குவின்சி ஆடம்ஸ் சட்டத் தொகுப்பு நூல் ஒன்றின் மீது கைவைத்துப் பதவியேற்றார். 1901-இல், சுடப்பட்ட அதிபர் மெக்கின்லி இறந்ததும் அவசரமாகப் பொறுப்பேற்ற தியோடர் ரூஸ்வெல்ட்டின் கையில் பைபிள் இருக்கவில்லை. அரசுப் பதவி எதற்கும் மதத்தைத் தகுதியாகக் கேட்கக் கூடாது என்று அதே சட்டத்தின் ஆறாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது.

உறுதிமொழியின் முடிவில் ‘கடவுள் எனக்குத் துணை நிற்பாராக’ என்று சேர்த்துச் சொல்வதும் வழக்கம்தானே ஒழியச் சட்டமன்று. ஜார்ஜ் வாஷிங்டனே 1789-இல் அப்படிச் சொன்னார் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடக் கற்பிக்கிறார்கள். ஆனால் அன்று அங்கிருந்தவர்கள் அப்போதே எழுதி வைத்த குறிப்பு எதிலும் அது காணப்படவில்லை. பல பத்தாண்டுகள் கழித்தே அந்தக் கதை நூல்களில் தலைகாட்டுகிறது.

மேடைப் பிரார்த்தனைக்கு வருவோம். வாஷிங்டன் பதவியேற்ற பின், நியூயார்க்கின் செயின்ட் பால் ஆலயத்துக்குச் சென்று வழிபாட்டில் கலந்துகொண்டார். அது ஆலயத்துக்குள் நடந்த வழிபாடு. பதவியேற்பு மேடையிலேயே போதகரை நிறுத்தி ஜெபிக்கச் செய்யும் வழக்கம், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டாம் முறை பதவியேற்ற 1937-இல்தான் தொடங்கியது. அதாவது ஏறத்தாழ 150 ஆண்டுகள், மேடையில் ஜெபம் இல்லாமலேயே அதிபர்கள் பதவியேற்று, ஆட்சி செய்து, ஓய்வும் பெற்றிருக்கிறார்கள். இந்த வழக்கத்தை எதிர்த்து நாத்திகர் ஒருவர் விடாமல் வழக்குத் தொடுத்தார். வழக்குத் தொடரும் தகுதி அவருக்கு இல்லை என்பது போன்ற காரணங்களால் அவை தள்ளுபடியாயினவே தவிர, பதவியேற்புப் பிரார்த்தனை சட்டத்துக்கு உகந்ததா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் இன்றுவரை விடை சொன்னதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகி): ‘மதத்துக்கும் அரசுக்கும் நடுவே ஒரு சுவர்’ என்று அடிக்கடி படிக்கிறோம். அது அமெரிக்கச் சட்டத்தில் உள்ள வாசகமா? நாத்திகர்கள் பின்னாளில் புகுத்தியது என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார்.

பதில்: உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. சுவர் என்ற பேச்சு சட்டத்தில் இல்லை. 1791-இல் நடைமுறைக்கு வந்த முதலாம் திருத்தம், மதம் ஒன்றை நிலைநாட்டுவது குறித்தோ, மக்கள் தம் மதத்தைப் பின்பற்றுவதைத் தடுத்தோ காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) சட்டம் இயற்றலாகாது என்கிறது, அவ்வளவுதான்.

சுவரை எழுப்பியவர்களோ பக்தர்கள். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் போதகராக இருந்த ரோஜர் வில்லியம்ஸ், அங்கிருந்த அதிகாரிகள் மக்களின் சமய நம்பிக்கையைத் தண்டனையால் காவல் காப்பதை எதிர்த்தார். அதற்காக நாடு கடத்தப்பட்டு, 1636-இல் ரோட் ஐலண்டில் பிராவிடன்ஸ் என்ற ஊரை நிறுவினார். திருச்சபை என்னும் தோட்டத்துக்கும் உலகம் என்னும் காட்டுக்கும் இடையே வேலியோ சுவரோ வேண்டும் என்று 1644-இல் எழுதியவர் அவரே. காட்டைத் தோட்டத்திடமிருந்து காப்பாற்றுவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. அரசியல் புகுந்து திருச்சபை கெட்டுவிடும் என்பதே அவருடைய அச்சம்.

அடுத்தது 1802 ஜனவரி 1-ஆம் தேதி அதிபர் தாமஸ் ஜெபர்சன் எழுதிய கடிதம். அது கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி பகுதியைச் சேர்ந்த பாப்டிஸ்ட் சபைகளின் சங்கத்துக்கு எழுதப்பட்டது. அந்த மாநிலத்தில் அப்போது கான்கிரிகேஷனல் திருச்சபையே அரசுச் சபை. அதை நடத்த மக்கள் வரி கட்ட வேண்டும். வேறு சபையைச் சேர்ந்தவர் அதிலிருந்து விலக்குப் பெறச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். தம் வழிபாட்டுரிமை அரசு போடும் பிச்சையாக இருக்கிறதே என்று மனம் நொந்த பாப்டிஸ்டுகளுக்கு ஆறுதலாகத்தான், முதலாம் திருத்தம் ஒரு பிரிவினைச் சுவரைக் கட்டியிருக்கிறது என்று ஜெபர்சன் எழுதினார். கனெக்டிகட் அரசுச் சபையைக் கைவிட்டது 1818-இல், மாசசூசெட்ஸ் 1833-இல். முதலாம் திருத்தம் அன்று மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தியதால் மாநிலங்கள் அவ்வளவு காலம் இழுத்தடிக்க முடிந்தது. மதம் நிறுவுவதற்கான தடை மாநிலங்களுக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1947-இல்தான் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பும் வேடிக்கையானது: சுவரை யாரும் சிறிதும் உடைக்க விடமாட்டோம் என்று முழங்கிவிட்டு, கத்தோலிக்கப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் பேருந்துக் கட்டணத்தை அரசு திருப்பித் தரலாம் என்று 5–4 என்ற கணக்கில் முடித்தது.

ஒரு செய்தியை மறைத்தால் நேர்மையாகாது. ஜெபர்சன் அந்தக் கடிதம் எழுதிய அதே நாளில், மாசசூசெட்ஸின் செஷயர் ஊரிலிருந்து ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர், சமயச் சுதந்திரத்துக்கு நன்றி சொல்லும் விதமாக, 1,235 பவுண்டு எடையுள்ள பாலாடைக்கட்டி ஒன்றை அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் மண்டபத்தில் லேலண்ட் பிரசங்கம் செய்ய, ஜெபர்சன் அமர்ந்து கேட்டார். சுவர் வேண்டாம் என்பவர்கள் இதை இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். விரும்பியவர் விருப்பமான நேரத்தில் கூடிய வழிபாடு அது என்று பதில் சொல்லலாம்; ஆனால் கூடிய இடம் அரசினுடையது என்பதை மறுக்க இயலாது. ஜெபர்சனின் வாழ்க்கை அவருடைய வாக்கியங்களைப் போல அவ்வளவு நேர்க்கோடாக இருந்ததில்லை. இந்த ஒரு விஷயத்தில் மட்டுமா!

கேள்வி (சென்னை வாசகர்): அதிபர் விழா நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. ஆனால் அமெரிக்கக் காங்கிரஸின் இரு அவைகளிலும் கூட்டம் பிரார்த்தனையுடன் தொடங்குவதாகவும், அதற்கெனச் சம்பளத்துக்குப் போதகர்கள் இருப்பதாகவும் படித்தேன். இதை எதிர்த்து எவரும் நீதிமன்றம் போகவில்லையா?

பதில்: போனார்கள், தோற்றார்கள். தோற்ற விதத்தைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும், ஏனெனில் இன்றுள்ள குழப்பங்களுக்கெல்லாம் வேர் அங்கே இருக்கிறது.

நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத்தில் 1965 முதல் ராபர்ட் பால்மர் என்ற பிரஸ்பிட்டேரியன் போதகர் ஒருவரே தொடர்ந்து பிரார்த்தனை செய்து வந்தார். அவை கூடும் மாதங்களில் மாதத்துக்கு 319.75 டாலர் அவருக்கு அரசுப் பணத்திலிருந்து சம்பளம். அந்த அவையின் உறுப்பினரான ஏர்னி சேம்பர்ஸ் இதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1983-இல் உச்ச நீதிமன்றம் 6–3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி வாரன் பர்கர் சொன்ன காரணம் ஒரு தேதிக் கணக்கு: 1789 செப்டம்பர் 22-இல் முதல் காங்கிரஸ், அவைப் போதகர்களுக்குச் சம்பளம் தரும் சட்டத்தை இயற்றியது, மூன்றே நாள் கழித்து, முதலாம் திருத்தம் உள்ளிட்ட உரிமைத் திருத்தங்களின் வாசகத்தை அதே காங்கிரஸ் இறுதி செய்தது. ஒரே வாரத்தில் இரண்டையும் செய்தவர்கள், ஒன்று மற்றதைத் தடைசெய்வதாக நினைத்திருக்க முடியாது என்பது அவருடைய வாதம்.

கேட்பதற்கு உறுதியாக இருக்கும் இந்த வாதத்தில் ஓர் ஓட்டை உண்டு. அதே முதலாம் திருத்தம் காக்கும் பேச்சுரிமை நடைமுறைக்கு வந்து ஏழே ஆண்டுகளில், 1798-இல், அரசை இகழ்ந்து எழுதுபவரைச் சிறையில் தள்ளும் சட்டத்தையும் அந்தத் தலைமுறையின் காங்கிரஸே நிறைவேற்றியது. அதனால் பேச்சுரிமைக்கும் அந்தச் சட்டத்துக்கும் முரண்பாடு இல்லை என்று இன்று எவரும் சொல்வதில்லை. கொள்கையை எழுதியவர்கள், எழுதிய மறுநாளே அதை மீறுவது மனித இயல்புக்குப் புறம்பானதா என்ன?

முதலாம் திருத்தத்தின் தலையாய சிற்பியான ஜேம்ஸ் மேடிசனே பிற்காலத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காங்கிரஸ் அவைகளுக்குப் போதகர்களை நியமிப்பது அரசியலமைப்புக்கும் சமயச் சுதந்திரத்துக்கும் ஒத்ததா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொண்டு, கண்டிப்பாகப் பார்த்தால் இரண்டுக்கும் ஒத்ததில்லை என்று விடை கூறுகிறார். பெரும்பான்மையினர் தேர்ந்தெடுக்கும் போதகரின் வழிபாட்டில் கத்தோலிக்கரும் குவேக்கர்களும் எப்படிக் கலந்துகொள்வார்கள் என்று கேட்கிறார். உறுப்பினர்களுக்கு வழிபாடு தேவையென்றால், தமக்கு வாக்களித்த மக்களைப் போலத் தம் சொந்தச் செலவில் செய்துகொள்ளட்டும் என்றும் எழுதுகிறார். இந்தக் குறிப்புகள் 1946-இல்தான் முழுமையாக அச்சேறின. அதிபராக இருந்தபோது, 1812-ஆம் ஆண்டுப் போரின் நாட்களில், பிரார்த்தனை நாள் அறிவிப்புகளில் அவரே கையொப்பமிட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பதவியில் இருப்பவருக்கும் ஓய்வில் இருப்பவருக்கும் உள்ள தூரம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான் போலும்.

1787-இல் அரசியலமைப்பை வரைந்த மாநாடு நாள்தோறும் பிரார்த்தனையுடன் தொடங்க வேண்டும் என்று முதியவரான பெஞ்சமின் பிராங்க்ளின் முன்மொழிந்தார், அது ஏற்கப்படவில்லை. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் பிரார்த்தனை தேவையில்லை என்று நினைத்ததாக அவரே குறித்து வைத்திருக்கிறார். வரலாற்றைச் சாட்சியாக அழைத்தால், அது இரு தரப்புக்கும் சாட்சி சொல்லும்.

நெப்ராஸ்கா வழக்கில் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவரான நீதிபதி வில்லியம் பிரென்னன், இருபது ஆண்டுகளுக்கு முன் சட்டமன்றப் பிரார்த்தனை ஏற்கத்தக்கதாக இருக்கலாம் என்று தாம் எழுதியது தவறு என வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நீதிபதிகளிடம் இது அரிதான குணம்.

கேள்வி (திருச்சி ஆசிரியை): அமெரிக்க அரசுப் பள்ளிகளில் பிரார்த்தனைக்குத் தடை என்கிறார்கள். சட்டமன்றத்தில் ஆகுமென்றால் பள்ளியில் ஏன் ஆகாது?

பதில்: முதலில் ஒரு திருத்தம். மாணவர் தாமாகப் பிரார்த்திப்பதை எந்தத் தீர்ப்பும் தடுக்கவில்லை. தேர்வுக்கு முன் கண்மூடி வேண்டிக்கொள்ளும் பிள்ளையை எவரும் கேள்வி கேட்க முடியாது. பள்ளி நிர்வாகம் பிரார்த்தனையை நடத்தக் கூடாது என்பதே சட்டம்.

1962-இல் வந்த முதல் பெரிய தீர்ப்பு, நியூயார்க் மாநிலக் கல்வி வாரியமே எழுதிக் கொடுத்த 22 சொல் பிரார்த்தனையைப் பற்றியது. விரும்பாத மாணவர் விலகி நிற்கலாம் என்று விதி இருந்தும் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மக்கள் சொல்ல வேண்டிய பிரார்த்தனையை இயற்றுவது அரசின் வேலையே இல்லை என்றார் நீதிபதி ஹியூகோ பிளாக். 1992-இல் வந்த வழக்கு இன்னும் நுட்பமானது; ரோஜர் வில்லியம்ஸின் அதே பிராவிடன்ஸ் நகரத்தில் எழுந்தது. நடுநிலைப் பள்ளி ஒன்றின் நிறைவு விழாவில் யூத ரப்பை ஒருவர் பிரார்த்தனை செய்தார். எதிர்த்து வழக்குத் தொடுத்த குடும்பமும் யூதக் குடும்பமே. தம் மதத்துப் பிரார்த்தனையையே அவர்கள் எதிர்த்ததைப் பலரால் புரிந்துகொள்ள முடியவில்லை. இன்று நம் முறை, நாளை வேறொருவர் முறை என்று பங்கிட்டுக்கொள்வதை அவர்கள் விரும்பவில்லை. விழாவுக்கு வராமல் இருந்துவிடலாமே என்ற வாதத்தை நீதிபதி ஆன்டனி கென்னடி தள்ளினார்: படித்து முடித்த பிள்ளையிடம், உன் நிறைவு விழாவை நீயே துறந்துவிடு என்று சொல்வதைச் சுதந்திரம் என்று எப்படி அழைப்பது? கால்பந்து ஆட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் ஜெபிக்கும் டெக்சாஸ் பள்ளி ஒன்றின் வழக்கத்தை 2000-இல் நீதிமன்றம் தடுத்தபோதும், வழக்குத் தொடுத்தவை ஒரு கத்தோலிக்கக் குடும்பமும் ஒரு மார்மன் குடும்பமும்தான்.

அதே கென்னடிதான் 2014-இல், நியூயார்க் மாநிலத்தின் கிரீஸ் என்னும் ஊரின் நகரக் குழுக் கூட்டங்களில் நடந்த பிரார்த்தனையை 5–4 என்ற கணக்கில் அனுமதித்தார். அங்கே 1999 முதல் 2007 வரை பிரார்த்தனை செய்தவர் ஒருவர் பாக்கியில்லாமல் கிறிஸ்தவர். யூதர் ஒருவரும் நாத்திகர் ஒருவரும் புகார் செய்த பிறகே யூதர், பஹாய் சமயத்தவர், விக்கா என்னும் இயற்கை வழிபாட்டுச் சமயத்தின் பூசாரி ஆகியோர் அழைக்கப்பட்டார்கள். பிள்ளைகள் எளிதில் அழுத்தத்துக்கு ஆளாவார்கள், பெரியவர்கள் எழுந்து வெளியே போகலாம் என்பதே இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் அவர் கண்ட வேறுபாடு.

இந்த வேறுபாடு எனக்கு ஒப்பவில்லை. காங்கிரஸில் பிரார்த்தனை உறுப்பினர்களுக்கானது; பார்வையாளர் மாடத்தில் இருப்பவர் வெறும் பார்வையாளர். ஐந்து பேர் கொண்ட ஊர்க் குழுவின் முன் வருபவரோ, கட்டட அனுமதிக்கோ தெருவிளக்குக்கோ மனுவோடு வருபவர். தம் மனுவின் மீது முடிவெடுக்கப் போகும் ஐவரும் தலை குனிந்து ஜெபிக்கும் நேரத்தில், அவர் மட்டும் எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து ‘ஐயா, என் மனு’ என்று நிற்க வேண்டும். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி எலெனா கேகன், நெப்ராஸ்கா தீர்ப்பை ஏற்றுக்கொண்டே, இந்த ஒரு வித்தியாசத்தில்தான் ஊன்றி நின்றார்.

அதன் பின் 2022-இல், வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்டன் ஊரில், ஆட்டம் முடிந்ததும் மைதானத்தின் நடுவில் மண்டியிட்டு ஜெபித்த அரசுப் பள்ளிக் கால்பந்துப் பயிற்சியாளருக்கு ஆதரவாக 6–3 என்று தீர்ப்பு வந்தது. அது தனிப்பட்ட, அமைதியான ஜெபம் என்றது பெரும்பான்மை. மாறுபட்ட நீதிபதி சோனியா சோட்டோமேயர், மாணவர்கள் சூழ்ந்து நிற்கும் புகைப்படங்களைத் தீர்ப்பிலேயே சேர்த்தார். பழைய அளவுகோல்களை ஒதுக்கிவிட்டு, வரலாற்று வழக்கத்தையே பார்க்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னதால், 1983-இன் தேதிக் கணக்கு இப்போது பொது விதியாகிவிட்டது. பெரும்பான்மையினரின் வழக்கத்துக்குத்தானே நீண்ட வரலாறு இருக்கும்!

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அமெரிக்க நாடாளுமன்றத்தில் வேத மந்திரம் ஒலித்தது என்று பெருமையாகப் பகிர்ந்துகொள்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. 2000 செப்டம்பர் 14-ஆம் தேதி, ஒஹையோ மாநிலத்தின் பார்மா நகரிலுள்ள சிவ–விஷ்ணு கோயில் அர்ச்சகர் வேங்கடாசலபதி சமுத்ராலா, பிரதிநிதிகள் சபையில் பிரார்த்தனை செய்தார். பிரதமர் வாஜ்பாயி காங்கிரஸில் உரையாற்றிய நாள் அது. செனட் சபையில் முதல் இந்துப் பிரார்த்தனையை 2007 ஜூலை 12-இல் நெவாடாவைச் சேர்ந்த ராஜன் ஜெட் செய்தார். பெருமையாகப் பகிர்பவர்கள் இதன் அடுத்த பாதியைச் சொல்வதில்லை. அவர் வாய் திறந்ததும் பார்வையாளர் மாடத்திலிருந்து, இது அருவருப்பான செயல், கடவுளே மன்னியும் என்று கிறிஸ்தவ ஆர்வலர்கள் கூச்சலிட்டார்கள். மூன்று பேர் கைது செய்யப்பட்ட பிறகே அவர் பிரார்த்தனையைத் தொடர முடிந்தது.

அந்தக் கூச்சல் நாகரிகமற்றது. ஆனால் ஒரு வகையில் நேர்மையானது. பொதுப் பிரார்த்தனை எல்லோருக்கும் பொதுவானது என்ற பேச்சின் அடியில், அது யாருக்கு உரியது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. 2016-இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகர மன்றத்தில் இன்னொரு விதமாக இது வெளிப்பட்டது. சாத்தானியக் கோயில் என்று பெயர் சூட்டிக்கொண்டு, மதச்சார்பின்மைக்காகக் குறும்பாகப் போராடும் அமைப்பு ஒன்று, எங்களுக்கும் ஒரு நாள் கொடுங்கள் என்று கேட்டு, நாளும் பெற்றுவிட்டது. மறுத்தால் பாகுபாடு ஆகும். அனுமதித்தால் வாக்காளர் கோபிப்பார்கள். மன்றம் 5–4 என்று வாக்களித்துப் பிரார்த்தனையையே நிறுத்தி, சற்று நேர மௌனமாக மாற்றியது. அடுத்த மாதமே, காவல் துறை, தீயணைப்புத் துறைப் போதகர்கள் மட்டும் பிரார்த்திக்கலாம் என்று வேறு வழியாகத் திரும்பக் கொண்டுவந்தது.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்குக் காங்கிரஸின் வாசல் மூடியே இருக்கிறது. பிரதிநிதிகள் சபையில் மதம் சாராத தொடக்க உரையாற்ற இடம் கேட்ட நாத்திகர் ஒருவரின் வழக்கை 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரு அவைகளின் நிரந்தரப் போதகர் பதவியில் இதுவரை கிறிஸ்தவர் அல்லாதவர் ஒருவர்கூட அமர்ந்ததில்லை. விருந்தினராக ஒரு நாள் ஒலித்த மந்திரத்தைக் கொண்டு மகிழ்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கேள்வி (தருமபுரி வாசகர்): நம் நாட்டு அரசு விழாக்களில் பூமி பூஜை நடப்பதை ஏன் எவரும் தடுப்பதில்லை?

பதில்: சட்ட வாசகம் வேறு. அரசு மதம் எதையும் நிறுவக் கூடாது என்ற அமெரிக்கத் தடை நம் அரசியலமைப்பில் அப்படியே இல்லை. 27, 28-ஆம் பிரிவுகள், ஒரு மதத்தை வளர்ப்பதற்கென்று வரி தரக் கட்டாயப்படுத்துவதையும், முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை செய்வதையும் தடுக்கின்றன. குஜராத் உயர் நீதிமன்றத்தின் புதிய கட்டடத்துக்கே நடந்த பூமி பூஜையை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு 2011-இல் 20,000 ரூபாய் அபராதத்துடன் தள்ளுபடியானது. மாறாக 2024 மார்ச்சில், மகாராஷ்டிரத்தில் நீதிமன்றக் கட்டட அடிக்கல் விழாவில் பேசிய உச்ச நீதிமன்ற நீதிபதி அபய் ஓகா, நீதிமன்ற விழாக்களில் பூஜைகளை நிறுத்தி, அரசியலமைப்பின் முகப்புரையை வணங்கலாம் என்றார். உங்கள் மாவட்டத்திலேயே 2022-இல், ஏரிப் பணி தொடக்க விழாவில் இந்துப் பூசாரி மட்டும் இருப்பதைக் கண்டு, மற்றவர்கள் எங்கே என்று அன்றைய நாடாளுமன்ற உறுப்பினர் செந்தில்குமார் அதிகாரிகளைக் கேட்டது நினைவிருக்கும்.

நம்மவர்களும் இதைப் பற்றி விவாதித்துத்தான் முடிவெடுத்தார்கள். 1949 அக்டோபர் 17-இல் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், முகப்புரை ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். திருவிதாங்கூரின் பட்டம் தாணு பிள்ளை, தாம் இறைநம்பிக்கை உள்ளவர் என்று சொல்லிக்கொண்டே, நம்பிக்கையில் கட்டாயம் கூடாது என்று எதிர்த்தார். 41-க்கு 68 என்ற வாக்கில் திருத்தம் தோற்றது.

கேள்வி (புதுச்சேரி வாசகர்): இரண்டு நிமிடப் பிரார்த்தனையால் யாருக்கு என்ன நஷ்டம்? பிடிக்காதவர் சும்மா இருந்துவிட்டுப் போகலாமே?

பதில்: நஷ்டம் முதலில் பிரார்த்தனைக்கே. நெப்ராஸ்காவின் பால்மரை எடுத்துக்கொள்ளுங்கள். யூத உறுப்பினர் ஒருவர் வருத்தப்பட்டதால், 1980-க்குப் பின் அவர் தம் பிரார்த்தனையில் கிறிஸ்துவைக் குறிப்பிடுவதையே விட்டுவிட்டார். அவருடைய கண்ணியத்தைப் பாராட்டலாம். ஆனால் கிறிஸ்துவின் ஊழியர் ஒருவர், மாதச் சம்பளம் வாங்கும் மேடையில் கிறிஸ்துவின் பெயரை விழுங்க வேண்டியிருந்தது என்பதும் அதன் மறுபக்கம். 2001-ஆம் ஆண்டுப் பதவியேற்பில் போதகர்கள் இயேசுவின் நாமத்தில் ஜெபித்தபோது, மற்ற மதத்தவர் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று விழித்தார்கள். பெயரைச் சொன்னால் சிலர் வெளியே நிற்கிறார்கள். சொல்லாவிட்டால் வேண்டுபவரின் நம்பிக்கையே அறுபடுகிறது. எந்தச் சொல் ஆகும், எந்தச் சொல் ஆகாது என்று நீதிபதிகள் தணிக்கை செய்ய முடியாது என்று கிரீஸ் ஊர் வழக்கில் நீதிமன்றம் சொன்னது முற்றிலும் சரி. அந்தத் தணிக்கை தேவைப்படுகிற இடத்தில் பிரார்த்தனையை ஏன் வைக்க வேண்டும் என்ற அடுத்த கேள்வியைத்தான் அது கேட்கவில்லை.

சும்மா இருப்பது எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதுமில்லை. பெரும்பான்மையினர் எழுந்து நிற்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவரை அனைவரும் பார்க்கிறார்கள். தம்முடைய நம்பிக்கை என்ன என்பதை அரசு அலுவலகத்தில் அறிவிக்கும் கட்டாயம் அவருக்கு மட்டும் ஏற்படுகிறது. உடன் நிற்பவர் எவருக்கும் அந்தக் கட்டாயம் இல்லை.

அதிபருக்கு வழிபாடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 1933-இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தொடங்கி வைத்த வழக்கம் ஒன்று உண்டு: பதவியேற்கும் நாள் காலையில், வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள செயின்ட் ஜான் ஆலயத்துக்கோ, தாம் விரும்பும் வேறு ஆலயத்துக்கோ சென்று வழிபடுவது. அங்கே போதகர் இயேசுவின் பெயரைத் தயங்காமல் சொல்லலாம், பாடலாம், நீண்ட பிரசங்கமும் செய்யலாம். எந்தக் குடிமகனும் மனுவோடு வாசலில் காத்திருக்க மாட்டார். எந்த நீதிபதியும் சொற்களை எண்ண மாட்டார்.